சுன்னாகத்தில் 19 லீற்றர்

ஆனையிறவு தாண்டியதும் சோளகக் காற்று பெட்டிக்குள் அடித்தது. உப்பும் புழுதியும் கலந்த அந்தக் காற்று முகத்தில் படும்போதுதான் ஊருக்கு வந்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றும். 2025 ஆவணி, நல்லூர்த் திருவிழாக் காலம். கொழும்புக் கோட்டையில் ஏறிய கூட்டம் வவுனியாவிலும் குறையவில்லை. எல்லோரும் கந்தனைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் போனது ஒரு காரின் தாங்கியில் மிச்சமிருந்த பெற்றோலுக்கு வழி பார்க்க.

சுன்னாகத்தில் மாமாவின் மொறிஸ் மைனர் நின்றது. மாமா 2023இல் காலமானார். அதற்குப் பிறகு அந்தக் காரை யாரும் எடுக்கவில்லை. பழைய கார்களைத் திருத்தி வைத்திருக்கும் ஒருவர் கொழும்பிலிருந்து அதை வாங்க முன்வந்தார். லொறியில் ஏற்ற முன்னர் தாங்கி வெறுமையாக இருக்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே நிபந்தனை. கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் தொலைபேசியில் சொன்னான்: "இங்கையெண்டால் நகரசபையின்ரை அபாயக் கழிவு எடுக்கிற இடத்திலை கொண்டுபோய்க் குடுத்திட்டு வந்திடுவன். அங்கை என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை. நீ ஒருக்காப் போய்ப் பாரன்."

எனக்கும் தெரியவில்லை. அதனால்தான் போனேன்.

யாழ்ப்பாணத்தில் பாதிப் பெட்டி இறங்கிவிட்டது. கோண்டாவில், இணுவில் கடந்து சுன்னாகத்தில் நான் இறங்கியபோது வெயில் சரிந்திருந்தது. மாமி படலையடியில் நின்றா. "வந்திட்டியோ ராசா, கால் முகத்தைக் கழுவு" என்றவ, நான் தண்ணீர் அள்ளி முடிக்கும்வரை கிணற்றுக் கட்டிலேயே நின்றா. அந்தக் கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு கனம் உண்டு. சுண்ணாம்புக் கல்லில் ஊறிய நீர்; சவர்க்காரம் எளிதில் நுரைக்காது; தேநீரில் தனிச் சுவை தரும். கொழும்பில் எத்தனை வருடம் இருந்தாலும் என் நாக்கு அதைத்தான் தண்ணீர் என்று நினைக்கிறது.

கார் நின்றது கிடுகு வேய்ந்த கொட்டிலில். கொட்டிலுக்கும் கிணற்றுக்கும் இடையில் இருபது அடிகூட இல்லை. வெளிர்ச்சாம்பல் நிறத்தில் வட்டக் கண்களோடு, நான் சிறுவனாக இருந்தபோது நின்றதுபோலவே நின்றது. தாங்கி மூடியைத் திறந்தேன். பெற்றோல் வாடை வரவில்லை. புளித்த வாடை வந்தது, பழைய வார்னிஷ் ரின்னைத் திறந்ததுபோல. பின் மூலையில் சாக்கு மூடி இரண்டு கான்கள். ஒன்று ரப்பர் வளையத்தோடு இறுக மூடிய இரும்புக் கான். மற்றது தேங்காய் எண்ணெய் வந்த பிளாஸ்ரிக் கான். வெக்கையில் அதன் வயிறு ஊதியிருந்தது. தொட்டால் பிசுபிசுத்தது.

"உதிலை ஒண்டையும் மாமா தொட விடமாட்டார்" என்றா மாமி.

1990இல் போரால் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது, ரெயின் நின்றது, பெற்றோல் தடைப் பொருளானது. அதற்குப் பிறகு இங்கே வாகனங்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓடும். ஆனால் குளிர்ந்த நிலையில் பற்றாது. ஆகவே கார்புரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடாகியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தச் சில சொட்டுகளை மாமா சேலைன் குழாய் பூட்டிய சிறு போத்தலில் வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு மருந்து இறங்குவதுபோல, காருக்குப் பெற்றோல் சொட்டுச் சொட்டாக இறங்கும். மொறிஸ் மைனருக்கும் ஒஸ்ரினுக்கும் அமுக்க விகிதம் குறைவு. அந்தப் பெருந்தன்மையால்தான் அவை மண்ணெண்ணெயையும் பொறுத்துக்கொண்டன. ஊரெல்லாம் வெண்புகை. அந்தப் புகை மணத்தில் வளர்ந்த தலைமுறை நாங்கள்.

அப்போது மாமா ஒரு சோடாப் போத்தல் நிறையப் பெற்றோல் ஒளித்து வைத்திருந்தார். அவசரத்துக்கு. 1995 ஐப்பசி முடிவில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவில் அந்த அவசரம் வந்தது. ஆனால் வீதி நிறையச் சனம். அடி எடுத்து வைக்க இடமில்லை. எஞ்சினை எழுப்பி ஓட்டுவதற்கு இடைவெளியே கிடைக்கவில்லை. நாவற்குழி தாண்டும்வரை காரைத் தள்ளிக்கொண்டே போனார்களாம், உள்ளே ஆச்சியும் இரண்டு பானைகளும். சோடாப் போத்தல் திறக்கப்படவே இல்லை.

பிறகு 2022, பொருளாதார நெருக்கடி. ஆனி மாதக் கடைசியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அதுவும் கிடைத்தால்தான். பெற்றோல் செட்டுகளின் முன்னால் வரிசைகள் நாள்கணக்கில் நின்றன. வரிசையில் நின்ற இடத்திலேயே உயிர்விட்டவர்களும் உண்டு. ஆடியில் கியூஆர் அட்டை வந்தது: காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. கானில் தர மாட்டார்கள். எனவே மாமா தாங்கியில் அடித்துக்கொண்டு வந்து, இரவில் டோர்ச் வெளிச்சத்தில் குழாயை வாயால் உறிஞ்சி இந்தக் கான்களுக்கு மாற்றினார். அந்த ஆண்டு நாடெங்கும் பல வீடுகளில் நடந்தது இது. வீட்டில் சேர்த்த பெற்றோல் பற்றி எரிந்த செய்திகளும் அப்போது வந்துகொண்டிருந்தன.

"இருதய வருத்தக்காரன் எல்லோ. இரவிலை ஏதும் எண்டால் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேணும் எண்டு சேர்த்து வைச்சவர்" என்றா மாமி. கடைசியில் அவர் நித்திரையிலேயே போய்விட்டார். இந்தக் கான்களும் திறக்கப்படவில்லை.

அதனால் "கொட்டுவது" என்ற சொல்லை அந்த வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமியே சொன்னா, வேறு விதமாக: "ஒரு சொட்டுக்கு நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியாதே? பழுதாப் போச்செண்டாலும் அது பெற்றோல்தானே ராசா."

அதுதான் சிக்கல். அது பழுதாகிவிட்டது, ஆனால் இன்னமும் பெற்றோல்தான். பெற்றோல் ஒற்றைப் பொருளல்ல; இலேசானதும் கனமானதுமாய் நூற்றுக்கணக்கான எண்ணெய்களின் கலவை. எஞ்சினைப் பற்றவைக்கும் இலேசானவை முதலில் பறந்துவிடும். மிஞ்சியவை காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாக மாறும். அந்தப் பிசின்தான் கார்புரேற்றரின் ஊசித்துளைகளை அடைக்கும். பாதி வெறுமையான தாங்கியில் பகல் வெக்கைக்கும் இரவுக் குளிருக்கும் ஈரம் படிந்து நீராகி அடியில் சேரும், இரும்பு துருப்பிடிக்கும். காற்றுப் போகும் தாங்கியில் இதற்குச் சில மாதங்களே போதும். இறுக மூடி, நிழலில் வைத்த இரும்புக் கானில் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் எஞ்சினுக்கு உதவாமல் போனது தீக்கு உதவாமல் போவதில்லை. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே ஒரு பொறி போதும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாது, பாம்புபோல நிலத்தோடு நகர்ந்து பள்ளத்தில் கிடக்கும்.

மறுநாள் காலையில் செய்தி அயலெல்லாம் பரவிவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு வேலைக்கு ஆலோசனை சொல்ல ஆட்கள் குறைவதில்லை. பின்வளவுக் கறையான் புற்றுக்குள் ஊற்று என்றார் ஒருவர். பனையோலைக் குப்பையில் ஊற்றிக் கொளுத்திவிடு என்றார் இன்னொருவர். அவருடைய புருவத்தில் இருந்த வடு அப்படிக் கொளுத்தியபோது வந்ததுதான் என்று மாமி பிறகு சொன்னா. ஊற்றிவிட்டு நெருப்புப்பெட்டியை எடுப்பதற்குள் ஆவி காலடிவரை வந்துவிடுகிறது. எதிர்வீட்டுப் பெடியன் தன் மோட்டார் சைக்கிளுக்குத் தருமாறு கேட்டான். வீதிக்கரை வாய்க்காலில் விட்டால் மழைக்குப் போய்விடும் என்றும் ஒருவர் சொன்னார்.

எங்கே போகும்? அதைத்தான் நான் அன்று முழுவதும் யோசித்தேன். மாமியின் பழைய ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, பின்னேரம் புத்தூர்ப் பக்கம் நிலாவரைக்குப் போனேன்.

செம்மண் தோட்டங்களுக்கு நடுவால் போகும் வீதி அது. வெங்காயம், மிளகாய், வாழை, புகையிலை. வரம்புகளில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத மண் இது. வழுக்கியாறும் மழைக்காலத்தில் மட்டும்தான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்வதுதான் வருடம் முழுவதற்கும். அந்த மழையை மண் குடித்து, அடியிலுள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் சேர்த்து வைக்கிறது. நன்னீர் மேலே, உவர்நீர் கீழே. ஒன்றின் மீது ஒன்று மிதக்கிறது. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்த மெல்லிய நன்னீர்ப் படையிலிருந்துதான்.

நிலாவரைக் கிணற்றில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சதுரமான, பெரிய, பச்சைநீலம் படிந்த நீர். மேற்பகுதி நன்னீர், ஆழம் போகப்போக உப்பு. இங்கே ஒரு தேசிக்காயைப் போட்டால் அது கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று ஊரில் சொல்வார்கள். சிறுவயதில் நானும் போட்டிருக்கிறேன். கீரிமலைக்குப் போய்த் தேடவில்லை. அந்தக் கதையைச் சொன்னவர்கள் கல்லுக்கடியில் நீருக்கு வழி உண்டென்பதை அறிந்திருந்தார்கள். சுண்ணாம்புக் கல்லில் நீர் மணலில் போல வடிகட்டப்பட்டுப் போவதில்லை. வெடிப்புகள் வழியே ஓடுகிறது. அதோடு சேர்ந்தது எதுவும் ஓடும். கிணற்றுக் கட்டில் இருந்துகொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெற்றோலில் நூற்றில் ஒரு பங்கு பென்சீன் என்று வைத்துக்கொண்டால், ஒரு லீற்றரில் ஏறக்குறைய 9 கிராம். பென்சீன் புற்றுநோயைத் தரும். குடிநீரில் அது லீற்றருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. அப்படியானால் ஒரு லீற்றர் பெற்றோல், எட்டு இலட்சம் லீற்றருக்கு மேற்பட்ட நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவரப் போதும். பழைய பெற்றோலில் கொஞ்சம் பறந்திருக்கும். மண்ணும் கொஞ்சம் பிடித்துவைக்கும். இருந்தாலும் அந்த எண் என்னை உலுக்கிவிட்டது. ஒரு கையில் தூக்கக்கூடிய கான் அது.

சுன்னாகத்துக்கு இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 2014, 2015இல் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. வாளியை இழுத்தால் கயிறெல்லாம் கறுப்பு. மின் நிலையத்தின் கழிவு எண்ணெய்தான் காரணம் என்று சனம் வீதிக்கு வந்தது. உயர் நீதிமன்றம்வரை வழக்குப் போனது. 2019 சித்திரையில், கிணறுகளைத் துப்புரவாக்கவும் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடாகவும் தனியார் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மாமி அந்தக் காலத்தில் பவுசரில் வந்த தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவ. பெற்றோலுக்கு நின்ற வரிசையைப் பற்றி ஊரே பேசுகிறது. தண்ணீருக்கு நின்ற அந்த வரிசையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அது கறுப்பு எண்ணெய், கண்ணுக்குத் தெரிந்தது. பெற்றோலிலுள்ள பென்சீன் நிறமில்லாமல் கரையும். கயிறு காட்டிக்கொடுக்காது.

இரவு அதை மாமிக்குச் சொன்னேன், கணக்கை விட்டுவிட்டு. தேசிக்காய்க் கதையை மட்டும் சொன்னேன். மாமி சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பிப் போய், பின்வாசற் கதவைத் திறந்து கிணற்றுப் பக்கம் பார்த்தா. "அப்ப என்ன செய்யப்போறாய்?" என்று கேட்டா. கொட்டாதே என்று சொல்லவில்லை.

அடுத்த நாள் ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கிருந்து இன்னோர் அலுவலகத்தின் எண்ணைத் தந்தார்கள். அங்கிருந்து மூன்றாவது. மூன்று இடத்திலும் மரியாதையாகவே பேசினார்கள். மூன்று இடத்திலும் "வீட்டிலை இருக்கிற பெற்றோலா?" என்று அதே வியப்பு. இலங்கையில் 2008ஆம் ஆண்டின் சுற்றாடல் ஒழுங்குவிதிகள் அபாயகரமான கழிவுகளைப் பட்டியலிட்டு, அவற்றைச் சேகரிக்கவும் ஏற்றிச்செல்லவும் அழிக்கவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் தேவை என்கின்றன. ஆலைக்காரருக்கு அது நல்ல விதி. ஆனால் ஒரு மாமியின் கொட்டிலில் கிடக்கும் இரண்டு கான்களை எந்தக் கதவில் கொண்டுபோய்க் கொடுப்பது? உக்கும் கழிவுக்கு ஒரு வாளி, போத்தலுக்கு ஒரு பை என்று பிரித்துக் கொடுக்கச் சொல்லும் ஊரில், மாதம் ஒரு நாளாவது இதற்கும் ஓர் இடம் இருக்கவேண்டும். பிரதேச சபைகள் நினைத்தால் செய்யக்கூடிய காரியம்தான்.

வழி கடைசியில் கராஜில் கிடைத்தது. மருதனார்மடத்துப் பக்கம் பழைய ஒஸ்ரின்களைத் திருத்தும் ஒரு மெக்கானிக் அண்ணை இருக்கிறார். மாமாவின் காரைக் குழந்தைபோலப் பார்த்தவர். நான் சொல்லி முடிக்கும்வரை கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். சீமெந்துத் தரையில் இரண்டு பீப்பாய்கள். "இது கழிவு ஓயில். இதை எடுக்கிற ஆக்கள் வேறை" என்று ஒன்றைக் காட்டினார். மற்றது சிறியது, நீல நிறம். "இதுக்குள்ளை பழுதான பெற்றோல், தண்ணி கலந்த பெற்றோல். அனுமதி உள்ள கொம்பனிக்காரர் கொழும்பிலையிருந்து லொறியிலை வந்து எடுப்பினம். புத்தளத்துச் சீமெந்துச் சூளையிலை போட்டு எரிக்கிறது."

ஏன் இரண்டையும் ஒன்றாக ஊற்றக்கூடாது என்று கேட்டேன். அவருடைய முகம் கடுமையானது. "கழிவு ஓயில் லேசிலை பத்தாது தம்பி. அதுக்குள்ளை ஒரு லீற்றர் பெற்றோல் விட்டால் முழுப் பீப்பாயும் பெற்றோல்மாதிரி. தெரியாமல் ஆரும் சூடாக்கினால் என்ன நடக்கும்?" ஒருமுறை யாரோ கலந்துவிட்டதால் ஓயில் எடுக்க வந்தவர்கள் பீப்பாயையே விட்டுவிட்டுப் போனார்களாம்.

"தள்ளிக்கொண்டு வர வேண்டாம். நான் வாறன். விடியவெள்ளெண" என்றார்.

அடுத்த நாள் விடிய ஐந்தரைக்கு ஒரு சிறிய பட்டா லொறியில் வந்தார். வெயில் ஏறினால் ஆவி பெருகும் என்பதால்தான் அந்த நேரம். வந்ததும் முதலில் கேட்டது: "அடுப்பு எரியுதோ?" மாமி விறகடுப்பைத் தணித்து, தண்ணீர் தெளித்தா. அடுத்தது சாமி அறை விளக்கு. மாமா போனதிலிருந்து காலையில் ஏற்றும் விளக்கு அது. அன்றும் எழும்பியவுடன் ஏற்றியிருந்தா. அண்ணை ஒன்றும் சொல்லாமல் வாசலில் நின்றார். மாமி சிறிது நேரம் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு பூவை எடுத்துத் திரியில் வைத்து நூர்த்தா. "இருட்டட்டும். பிறகு கொளுத்தலாம்" என்று தனக்குத்தானே சொன்னா. தொலைபேசிகளைத் திண்ணையில் வைத்தோம். எதிர்வீட்டுப் பெடியனைப் படலையடியில் நிறுத்தி, யாரும் சுருட்டோடு வராமல் பார்க்கச் சொன்னோம்.

காரைக் கிடுகுக் கொட்டிலிலிருந்து தள்ளி வெளியே எடுத்து, கிணற்றிலிருந்து எட்ட, முற்றத்தின் மறுகரையில் நிறுத்தினோம். அண்ணை பற்றரியின் வயரைக் கழற்றினார். மொறிஸ் மைனரின் பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று அடிக்கும். அந்த ஒவ்வொரு டிக்கிலும் உள்ளே ஒரு சின்னப் பொறி. தாங்கி பின்னால், டிக்கியின் தளத்தில். அதன் அடியில் ஒரு திருகாணி. அதற்குக் கீழே தகரத் தட்டு, தட்டுக்குக் கீழே உமியும் மணலும் பரப்பிய பழைய தறப்பாள். ஒரு சொட்டும் செம்மண்ணுக்குப் போகக்கூடாது என்பதில் அவர் காட்டிய கவனம், கோயிலில் அபிஷேகம் செய்யும் ஐயரிடம் நான் கண்டது.

நான் குழாயை எடுத்தேன், மாமா செய்ததுபோல உறிஞ்சலாம் என்று. அவர் என் கையைப் பிடித்துவிட்டார். "வாயிலை போனால் சத்தியெடுக்கலாம் எண்டு நினைக்காதை. நெஞ்சுக்கை போனால் சுவாசப்பையே வெந்துபோம்." கைப்பம்ப் கொண்டுவந்திருந்தார். கான்களை நிரப்பும்போது அவற்றை நிலத்தில் வைத்தே நிரப்பினார். பட்டாவின் மேல் வைத்துக்கொண்டே ஊற்றினால் உராய்வில் மின் ஏறி நிலத்துக்கு இறங்க வழியில்லாமல் பொறியாக வெடிக்கலாம் என்றார். விளிம்புவரை நிரப்பவும் இல்லை. வெக்கைக்கு விரிய நாலு விரல் இடம் விட்டார்.

திருகாணி இளகியதும் முதலில் வந்தது பெற்றோலல்ல. துருநிறத்தில் ஒரு வாய்த் தண்ணீர், அதன் பின்னால் தேயிலைச் சாயம்போலத் தடித்த ஒன்று. மூன்று போத்தல்களில் மூன்று மாதிரிகள் எடுத்துத் திண்ணையின் நுனியில் வரிசையாக வைத்தார். அப்போதுதான் கிழக்கு வெளித்தது. தாங்கியில் இருந்தது கறுஞ்சாயம். அடியில் நீர் ஒரு கோடாகப் பிரிந்து நின்றது. பிளாஸ்ரிக் கானில் இருந்தது மங்கல் மஞ்சள். உள்ளே நூல்நூலாகப் பிசின். இரும்புக் கானில் இருந்தது மட்டும் வெளிர்மஞ்சளாகத் தெளிந்து, பின்னாலிருந்த வேப்பமரத்தைக் காட்டியது. மூடியை ஒரு கணம் திறந்து கையால் விசிறி மணந்தார். "இது இன்னும் சாகேல்லை."

மாமி திண்ணைக்கு வந்தா. "எது?"

"ஐயா இரும்புக் கானிலை வைச்சது, மாமி. 14 லீற்றர் இருக்கும். துணியிலை வடிச்சு, ஒரு பங்குக்கு அஞ்சு பங்கு புதுசு கலந்தால் என்ரை ஒஸ்ரினுக்குப் போதும். புது மோட்டார் சைக்கிளுக்குக் குடுக்க மாட்டன், அதின்ரை ஊசி அடைச்சுப்போம். ஒஸ்ரின் தாங்கும்." படலையடியில் நின்ற பெடியனின் முகம் வாடியது. மாமியின் முகம் வேறுமாதிரி இருந்தது. "அவர் ரப்பர் வாங்கப் பரமேஸ்வராச் சந்திவரை போனவர்" என்றா. அந்த மூடிக்கு ஒரு வளையம் தேடி, 2022இல், சைக்கிளில்.

தாங்கியில் 11, பிளாஸ்ரிக் கானில் 8. பழுதானது மொத்தம் 19 லீற்றர். கான்களை நிமிர்த்தி, பட்டாவின் திறந்த பின்தட்டில் கயிறால் கட்டி, ஈரச்சாக்கு மூடினோம். நான் முன்னால் அவரோடு இருந்தேன். மருதனார்மடம் ஆஞ்சநேயர் கோயில் மணி கேட்டபோது வீதியில் பால்காரரும் நல்லூருக்குத் தூக்குக்காவடி கொண்டுபோகும் ஒரு வாகனமும் மட்டும். அவர் பள்ளங்களில் வேகம் குறைத்து ஓட்டினார். இருவரும் பேசவில்லை. நீலப் பீப்பாயில் ஊற்றி முடித்ததும் மூடியை இறுக்கி, பழைய தொகையை அடித்து, வெண்கட்டியால் புதிதாக எழுதினார். பிறகு அதற்குப் பக்கத்தில், யாரும் கேட்காமலே, "சுன்னாகம்" என்றும்.

திரும்பி வந்து மிச்ச வேலைகளைச் செய்தோம். பெற்றோல் பட்ட துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியே கம்பி வேலியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிட்டோம். தட்டில் சிந்திய உமியும் மணலும் ஒரு ரின்னில் மூடி கராஜுக்கே போயின. பிளாஸ்ரிக் கானை மாமி மண்ணெண்ணெய்க்குக் கேட்டா. அண்ணை தரவில்லை. பெற்றோல் மிச்சத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி விளக்கில் விட்டால் விளக்கு வெடிக்கும் என்று சொல்லி, கத்தியால் அதன் வாயைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனார். மதியம்போல வாடை முற்றாக அடங்கியதும் மாமி குளித்துவிட்டு வந்து விளக்கேற்றினா. எனக்குக் கையில் மணம் போகவில்லை. தேசிக்காய் தேய்த்துக் கழுவியும் இரவு ரெயினில் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்தபோது மெலிதாக வந்தது.

புரட்டாதி நடுவில் மாமி தொலைபேசி எடுத்தா. மொறிஸ் மைனரை ஏற்றிவிட்டார்களாம். கொட்டில் வெறுமையாக இருக்கிறதாம், கோழிகள் போய்ப் படுக்கின்றனவாம். கிணற்றில் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது, மழை வரவேண்டும் என்றா. பிறகு, "அந்த நீலப் பீப்பாயை லொறி வந்து ஏத்திக்கொண்டு போட்டுதாம். மெக்கானிக் தம்பி சந்தியிலை கண்டு சொன்னவன்" என்றா.

"ஓம் மாமி. இப்ப புத்தளத்துக்குப் போயிருக்கும்."

"அங்கை சூளையிலை போட்டு எரிக்கிறதெண்டு சொன்னனீ என்ன?"

"ஓம். ஆயிரத்து நானூறு பாகைக்கு மேலை சூடு. ஒண்டும் மிஞ்சாது."

மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. கோழிகள் கெக்கரித்தது மட்டும் கேட்டது.

"அப்ப எரிஞ்சுதான் போயிருக்கு" என்றா மாமி. "மாமாட்டைச் சொல்லலாம்."